முற்றமும் கொல்லைப்புறமும்



கரைத்தீவு என்ற பெயரைக் கேட்டவுடன் உங்களிற் பலருக்கும் கிழக்குக் கரையிலுள்ள காரைதீவு நினைவுக்கு வரலாம். விபுலாநந்த அடிகளை 1892ஆம் ஆண்டில் நமக்குத் தந்த ஊர் அது. யாழ்ப்பாணத்தார்க்கோ, பின்னாளில் காரைநகர் என்று பெயர் மாறிய காரைதீவு நினைவுக்கு வரும். இந்த இரண்டுக்கும் அப்பால், பெயரளவில் நெருங்கிய இன்னொரு கரைத்தீவும் உண்டு. அது புத்தளம் மாவட்டத்தின் வடமேற்குக் கரையில், வனாத்தவில்லுப் பிரிவில், களப்புக்கும் காட்டுக்கும் இடையே அமைந்த ஊர். மேற்கே கடல் நீர். வடக்கே கலா ஓயாவும் அதனைக் கடந்தால் வில்பத்துக் காடும். மீன் பிடிப்போரும் நிலத்தைக் கொத்திப் பயிர் செய்வோரும் வாழும் ஊர். பெரும் புகழ் எதனையும் அது தேடிக்கொண்டதில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கரைத்தீவை மட்டுமன்று. கரைத்தீவைப் போன்ற ஐம்பது ஊர்கள் நம்பி வாழுகின்ற ஒரு சிறு நகரத்தைப் பற்றியும், அந்நகரத்து மக்களைப் பற்றியும் பேச விரும்புகிறேன். அந்த நகரம் புத்தளம்.

சிறு நகரம் என்பது என்ன? மக்கட்டொகையை எண்ணிச் சொல்வது ஒரு வழி. ஆனால், சுற்றியுள்ள கிராமத்தானைக் கேட்டால் அவன் வேறு வகையாகத் தான் சொல்வான். காலையில் பஸ் ஏறிப் போய், மாலையில் வீடு திரும்ப முடிகிற இடமே அவனுக்கு நகரம். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆசுபத்திரி அங்கே இருக்கிறது. காணி உறுதி எழுத வேண்டுமா, வழக்கு நாளா, பிள்ளைக்கு உயர்தர வகுப்பில் இடம் வேண்டுமா, பெருநாளைக்குப் புடைவை எடுக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அங்கேதான் போக வேண்டும். கரைத்தீவிலிருந்து புறப்படுகிற பஸ்ஸில் மீன் பெட்டியும் இருக்கும், பள்ளிக்கூடப் பையும் இருக்கும், மருந்துச் சீட்டும் இருக்கும். அந்த ஒரு பஸ்ஸைப் பார்த்தாலே நகரத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள உறவு முழுவதும் விளங்கிவிடும்.

மழைக்காலம் வந்துவிட்டால் இவ்வுறவின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். எலுவாங்குளத்தில் கலா ஓயாவின் மேலுள்ள சப்பாத்துப் பாலத்தை வெள்ளம் மூடிவிட்டால், அக்கரையில் இருப்பவர்கள் நகரத்தை இழந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். பாதை அறுந்த அந்நாட்களில் அவர்களுக்கு வைத்தியரும் தொலைவு, அரிசியும் தொலைவு.

இனி, இந்நகரம் எப்படி உண்டாயிற்று என்று பார்ப்போம். இக்கரையின் வரலாறு முழுவதும் வந்து சேர்ந்தவர்களின் வரலாறு என்றே சொல்லலாம்.

கரைத்தீவுக்கு வடக்கே, காட்டுக்குள், பொம்பரிப்பு என்றோர் இடம் இருக்கிறது. அங்கே மண்ணுக்கு அடியில் பெரிய பெரிய தாழிகள் புதைந்து கிடந்தன. இறந்தோரின் எலும்புகளைத் தாழியிலிட்டுப் புதைத்த தொன்மக்களின் இடுகாடு அது. 1970ஆம் ஆண்டில் அங்கு நடந்த அகழாய்வும் அதற்கு முந்திய ஆய்வுகளும் ஓர் உண்மையை எடுத்துக் காட்டின. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் காணப்பட்ட தாழிகளுக்கும் இவற்றுக்கும் நெருங்கிய ஒற்றுமை இருக்கிறது. ஆகவே, ஏடும் எழுத்தும் நமக்குச் செய்தி சொல்லத் தொடங்குவதற்கு முன்னரே இந்தக் கடலைக் கடந்து மக்கள் போயும் வந்தும் இருந்தார்கள் என்பது தெளிவு.

அதன் பின்னர், 1344ஆம் ஆண்டில், மொரொக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா இக்கரையில் வந்து இறங்கினார். அவர் பத்தாலா என்று குறிப்பிடும் பட்டினம் புத்தளமே என்பது அறிஞர் பலரின் முடிபு. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையில் குவியல் குவியலாகக் கிடந்ததை அவர் கண்டார். அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அம்மன்னன் பாரசீக மொழியை விளங்கிக்கொள்ளக் கூடியவனாக இருந்தான் என்கிறார். யாது வேண்டும் என்று அரசன் கேட்டபோது, பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டும் என்று யாத்திரிகர் விடை பகர்ந்தார். அரசன் பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பி வைத்தான். சமயம் வேறு, நாடு வேறு, மொழி வேறு. ஆயினும், வந்தவனை முற்றத்தில் இருத்தி, வேண்டியதைக் கேட்டு, வழிகாட்டி விடுகிற பண்பு அன்றே இக்கரையில் இருந்தது.

பின்னர்க் கண்டியரசர் காலத்தில் மலைநாட்டுக்குக் கடல் வாயில்களாக விளங்கிய துறைகளில் புத்தளமும் ஒன்றாயிற்று. உப்பையும் கருவாட்டையும் பொதிமாடுகளில் ஏற்றிக்கொண்டு, தவளம் தவளமாக உள்நாட்டுக்குப் போனார்கள். திரும்பும்போது மலைநாட்டுப் பாக்கு வந்தது. களப்பின் கரையில் விளைந்த உப்பு, கடலையே காணாத மலைநாட்டானின் சோற்றுக்குச் சுவை தந்தது. புத்தளம் என்ற பெயரே புது அளம் என்பதிலிருந்து வந்தது என்று சொல்வோரும் உளர். அளம் என்றால் உப்பு விளையும் இடம்.

உப்பு விளைகிற விதத்தை நம்மிற் பலர் கண்டதில்லை. களப்பு நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு விட்டு, வெயிலிலே காயவைத்து, நீர் வற்ற வற்ற உறைப்பு ஏற ஏற, கடைசிப் பாத்தியில் வெள்ளை வெளேரென்று உப்பு பூக்கும். அதை வாரிக் குவிக்க வேண்டும். மேலே வெயில், கீழே உப்பின் ஒளி, இரண்டுக்கும் நடுவே மனிதன். காலில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் அன்று முழுவதும் எரியும். வேளாளன் மழையை வேண்டுவான். உப்பளத்தானோ மழை வேண்டாம் என்று வேண்டுவான். அண்மையில் பருவந் தப்பிய மழை உப்பளங்களைக் கெடுத்ததன் பயனாக, நாற்புறமும் கடல் சூழ்ந்த நமது நாடு 2025ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்தது. புத்தளத்தில் மழை பெய்தால் கொழும்பிலே குழம்புக்கு உப்பில்லை. சிறு நகரம் சிறியதன்று என்பதை அந்த ஆண்டு நாடு அறிந்துகொண்டது.

இந்த நகரமும் இதனைச் சூழ்ந்த கரையும் நமக்கு ஈந்த மனிதர் சிலரையும் நாம் நினைவுகூர வேண்டும். 1807ஆம் ஆண்டில் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, புத்தளத்தில் மணியகாரராக இருந்தவர். 1834இல் இலங்கைத் தீவின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசையில் விவரிக்கும் ஒரு பெருநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்துத் ‘தமிழ் புளூட்டார்க்’ என்ற நூலைத் தந்தார். பல்கலைக்கழகம் ஒன்றும் இந்நாட்டில் தோன்றாத காலத்தில், உப்புக் காற்று வீசும் ஓர் ஒதுக்குக் கரையைச் சேர்ந்தவர் தமிழுலகம் முழுவதையும் எண்ணிப் பார்த்தார் என்பது வியப்பன்றோ? புத்தளம் நகரில் 1884இல் தோன்றிய காசிமிய்யா அரபுக் கல்லூரி பல தலைமுறை மார்க்க அறிஞர்களை ஆக்கியது. புத்தளத்தின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற எச். எஸ். இஸ்மாயில் அவர்கள் 1956 முதல் 1959 வரை சபாநாயகராக வீற்றிருந்தார்.

இம்மாவட்டத்தின் ஏனைய மக்களையும் பாருங்கள். தலவிலையில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் திரண்டு வருகிறார்கள். உடப்பில் திரௌபதை அம்மன் சந்நிதியில் தீ மிதிக்கிறார்கள். புத்தளத்துக்கு அணித்தேயுள்ள சிறாம்பியடியில், அந்நிய ஆட்சியாளர் படையில் சேர்த்துக் கொண்டுவந்த ஆபிரிக்க வீரர்களின் வழித்தோன்றல்கள் வாழ்கிறார்கள். போர்த்துக்கேயச் சொற்கள் கலந்த தங்கள் பாட்டை இன்றும் மறவாமல் பாடுகிறார்கள். தெருவில் ஆறுதலாக நடந்து திரிகிற கழுதைகளும் இந்நகரத்தின் பழைய குடிகளே. ஒரு காலத்தில் பொதி சுமந்த அவை, இன்று வேலையற்று, வாகனங்களுக்கு நடுவே யாருக்கும் அஞ்சாமல் நிற்கின்றன.

நேயர்களே, வந்தாரை ஏற்பது எளிதென்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஒரு பெருஞ் சோதனை 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வந்தது. வட மாகாணத்தில் வாழ்ந்த முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகையையும் பணத்தையும் வீட்டையும் விட்டு, உடுத்த உடையும் கையில் ஒரு பையுமாக, ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் புறப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். இன்னும் பலர் காட்டு வழியாகவும் தரை வழியாகவும் வந்தார்கள். அவர்களுள் மிகப் பெரும் பகுதியினர் நின்ற இடம் புத்தளம் மாவட்டம்.

அன்று அரசாங்கம் ஆயத்தமாக இருக்கவில்லை. உலக நிறுவனங்களும் ஆயத்தமாக இருக்கவில்லை. இங்கிருந்த மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்து விட்டார்கள். தம் அடுப்பில் பெரிய பானையை ஏற்றினார்கள். தென்னந்தோட்டத்துக்காரர் தம் நிலத்தில் கிடுகுக் குடிசை போட இடம் கொடுத்தார்கள். தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் இன்னும் எத்தனையோ இடங்களிலும் ஓரிரு வாரத்துக்குள் குடிசை ஊர்கள் எழுந்தன.

வந்தவர் சில மாதத்தில் போய்விடுவர் என்றே வந்தவரும் எண்ணினர், இருந்தவரும் எண்ணினர். மாதங்கள் ஆண்டுகளாயின, ஆண்டுகள் பத்தாகி, இருபதாயின. விருந்து நீண்டால் வீட்டுக்காரன் முகமும் மாறும் என்பது மனித இயல்பு. கிணற்றில் நீர் அதே அளவுதான். இறைக்கும் வாளிகள் இரு மடங்காயின. உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் கூலி வேலை அதே அளவுதான். கேட்டு நிற்கும் கைகள் பெருகின. வகுப்பறையில் இடம், ஆசுபத்திரியில் கட்டில், பல்கலைக்கழக அனுமதி, ஒவ்வொன்றிலும் ‘எங்களுடையது, உங்களுடையது’ என்ற பேச்சு எழுந்தது. வந்தவர்க்கு நிவாரண அரிசி கிடைத்தபோது, அதே அளவு ஏழையான ஊரவன் வெறுங்கையோடு நின்று பார்த்தான். இந்தக் கசப்பை மறைப்பதில் பயனில்லை. ‘அகதி’ என்ற சொல் முதலில் இரக்கமாக இருந்து, பின்னர்ப் பட்டப்பெயராகி, பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளையைக் குத்துகிற முள்ளாயிற்று.

எனினும், கசப்பு கலகமாகவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இருபுறத்தாரும் பெண் கொடுத்தனர், பெண் எடுத்தனர். வடக்கிலிருந்து வந்த ஆசிரியர்கள் இங்குள்ள பிள்ளைகளுக்கும் கற்பித்தனர். வந்தவர்கள் கடை வைத்தனர், தோட்டம் செய்தனர். நகரத்தின் வாணிபம் வளர்ந்தது. 2009இல் போர் முடிந்த பின் சிலர் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பினர். பலர் இரண்டு ஊர்களுக்குமிடையே கால் வைத்து வாழ்கின்றனர். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தந்தையின் ஊர் கதையில் கேட்ட ஊர். இதுவே சொந்த ஊர். இங்குள்ள நிலம் வளமான நிலமன்று. மக்கள் செல்வரும் அல்லர். இல்லாதவர் இல்லாதவர்க்குக் கொடுத்த இடம் என்பதே இதன் பெருமை.

இனி, இந்த உரையின் மறுபாதிக்கு வருகிறேன். மனிதர்கள் வந்தது ஒன்று. மனிதர்கள் அல்லாதவை வந்தது மற்றொன்று.

கரைத்தீவுக்கு அண்மையில் அறுவாக்காடு என்ற இடம் இருக்கிறது. ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட சுண்ணக்கற் பாறை அங்கே நிலத்துக்கடியில் படிந்திருக்கிறது. கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் எலும்புகளும் கல்லாகிக் கிடக்கும் பூமி அது. 1970ஆம் ஆண்டளவில் புத்தளத்தில் சீமெந்துத் தொழிற்சாலை தோன்றிய காலம் முதல், அந்தக் கல்லை வெட்டி, தனியாக அமைத்த புகையிரதப் பாதையிலே கொண்டுபோய், சூளையிலிட்டுச் சீமெந்தாக்குகிறார்கள். தலைநகரத்தின் மாடங்களிலும் பாலங்களிலும் இந்தக் கரையின் கல்லும் கலந்திருக்கிறது. வேலை கிடைத்தது, உண்மை. தூசியும் கிடைத்தது, அதுவும் உண்மை.

பின்னர்க் கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் அனல் மின் நிலையம் எழுந்தது. முதற் பகுதி 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று பகுதிகளும் நிறைவெய்தி, தொளாயிரம் மெகாவாற்று வலுவுடையதாயிற்று. நாடு முழுவதும் அதனால் வெளிச்சம் பெறுகிறது. அயலிலுள்ள மீனவரும் தோட்டக்காரரும் நிலக்கரித் தூசியையும் சாம்பலையும் பற்றி முறையிட்டு வருகிறார்கள்.

மூன்றாவதாக வந்தது குப்பை. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் மலைபோல் குவிந்திருந்த குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பண்டிகைச் சோற்றுக்கு முன் அமர்ந்திருந்த ஏழைகள் அவர்கள். அத்துயரத்தின் பின், கொழும்பின் குப்பையை எங்கே கொண்டு போவது என்ற கேள்வி முன்னெப்போதையும்விடக் கடுமையாக எழுந்தது. அறுவாக்காட்டில் கல்லை வெட்டி எடுத்த பள்ளங்கள் இருக்கின்றனவே, புகையிரதத்தில் ஏற்றி அங்கே நிரப்பலாம் என்று முடிவாயிற்று. 150 கிலோமீற்றருக்கும் அதிகமான தொலைவு!

நேயர்களே, இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எந்தப் பள்ளத்திலிருந்து கல் எடுத்துத் தலைநகரம் தன் மாளிகைகளைக் கட்டிக்கொண்டதோ, அதே பள்ளத்துக்கு அம்மாளிகைகளின் எச்சிலையும் கழிவும் திரும்பி வருகின்றன. போகும்போது கல், திரும்பும்போது குப்பை. இதனை வாணிபம் என்று சொல்ல முடியுமா?

புத்தளத்து மக்கள் எழுந்தனர். 2018இலும் 2019இலும் நகரத்தில் சத்தியாக்கிரகம் இருந்தனர். நூறு நாட்களையும் கடந்து அது நீடித்தது. முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் பௌத்தரும் இந்துக்களும் ஒரே பந்தலின் கீழ் அமர்ந்தனர். 1990இல் வந்த குடும்பத்தாரும் பரம்பரையாக இருந்த குடும்பத்தாரும் ஒரே கோஷத்தை எழுப்பினர். அவர்கள் அமர்ந்த திடலுக்குப் பெயர் கொழும்பு முகத்திடல். கொழும்பை நோக்கிய திடலில் இருந்து கொழும்பை நோக்கிப் பேசினார்கள். ஆயினும் 2019 ஆகஸ்டில் லொறிகளிலே குப்பை வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் குப்பை கொட்டிய இடத்தில் ஒரு வெடிப்பும் நிகழ்ந்தது. அவ்விடத்துக்கு ஒருபுறம் வில்பத்துக் காடு, மறுபுறம் களப்பு, கங்கைவாடியின் கண்டற் காடுகளும் தொலைவிலல்ல. கண்டல் வேர்களுக்கிடையில் இறால் குஞ்சு வளர்ந்தால்தான் கரைத்தீவு மீனவனின் வலையில் ஏதேனும் விழும்.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. ‘கொழும்பின் ஏழைகள் குப்பைக்கடியில் புதைந்து சாக வேண்டுமா? எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மீதொட்டமுல்லையில் மாண்டவர்களும் நம்மவர்களே. ஆனால், ஓர் ஏழைத் தெருவின் துயரத்தை இன்னோர் ஏழைக் கரைக்கு மாற்றி வைப்பது தீர்வாகுமா? மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்து வைக்கும் பழக்கம் வந்தால், சுமக்க வேண்டிய சுமை பெரிதும் குறைந்துவிடும். தன் வாசலைத் தான் கூட்டுவதற்கு யாருக்கும் புகையிரதம் வேண்டியதில்லை.

புறநகர் என்றால் பெருநகரத்தின் வாயிலில் ஒட்டிக் கிடக்கும் ஊர் என்று நாம் கருதுகிறோம். நான் வேறு விதமாக எண்ணுகிறேன். ஒரு பெருநகரத்தின் மின்சாரம் எங்கிருந்து வருகிறதோ, அதன் சீமெந்துக் கல் எங்கிருந்து வருகிறதோ, அதன் குப்பை எங்கே போகிறதோ, அதுவரையும் அந்நகரத்தின் எல்லை நீண்டிருக்கிறது. அந்தக் கணக்கில் புத்தளம் கொழும்பின் புறநகர்தான். புறநகராக இருப்பதில் இழிவில்லை. ஆனால், புறநகருக்கும் கொல்லைப்புறத்துக்கும் வேறுபாடு உண்டு. புறநகர் என்றால் சாலையும், வைத்தியசாலையும், நல்ல குடிநீரும், தன் காரியத்தில் தான் பேசும் உரிமையும் அதற்கும் பங்காக வர வேண்டும். இவை ஒன்றும் வராமல் கழிவு மட்டும் வருமாயின் அது கொல்லைப்புறம்.

‘வந்தவரையெல்லாம் ஏற்ற ஊர், இதையும் ஏற்றால் என்ன?’ என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தப் பேச்சில் ஒரு பிழை மறைந்திருக்கிறது. வள்ளத்தில் வந்து இறங்கிய தாய் கேட்டுக்கொண்டு வந்தாள். இடம் கொடுத்தவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள். கேளாமல் அனுப்புவதும், மறுத்த பின்னும் கொட்டுவதும் விருந்தாகுமா? விருந்தினரை இருத்துகிற முற்றத்தை, அதே வீட்டாரின் இசைவின்றிக் குப்பை கொட்டும் கொல்லையாக்குவது, அவர்களது விருந்தோம்பலையே அவமதிப்பதாகும்.

கரைத்தீவிலிருந்து நாளைக் காலையும் ஒரு பஸ் புறப்படும். அதில் மீன் பெட்டியும் பள்ளிக்கூடப் பையும் மருந்துச் சீட்டும் இருக்கும். அந்தப் பையைச் சுமந்து செல்லும் பிள்ளையின் பாட்டன் பரம்பரையாக இக்கரையில் இருந்தவராகவும் இருக்கலாம். 1990இல் வள்ளத்தில் வந்தவராகவும் இருக்கலாம். பக்கத்திலே அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. இந்த இரு பிள்ளைகளும் இறங்கி நடக்கிற நகரத்தில் நல்ல காற்றும் நல்ல நீரும் இருக்க வேண்டும் என்பதே நாம் இன்று கேட்க வேண்டியது. தலைநகரத்தில் வாழும் நேயர்கள் இன்றிரவு விளக்கை ஏற்றும்போதும், நாளை காலை குப்பைக் கூடையை வாசலில் வைக்கும்போதும், களப்புக் கரையிலுள்ள இந்தச் சிறு நகரத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வார்களாயின், நான் பேசியதன் பயன் நிறைவேறும்.